குழிப் பலகையும் நான் பார்க்காத அலையும்

என் ஆசை மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். கபர்ல படுத்திருக்கறவங்களுக்கும் ஸலாம் போய்ச் சேரும்னு பள்ளிவாசல் ஆலிம்ஷா சொன்னாங்க. அதனால மொதல்ல ஸலாம், அப்புறம்தான் சண்டை. நேர்ல வந்து சொல்லலாம்னா நம்ம ஊர்ல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போற வழக்கம் இல்ல. உங்கள வச்சிருக்கற எடம் எப்படி இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது. வேப்ப மரத்துக்குக் கீழ, நல்ல நெழலுன்னு மாமா சொன்னாங்க. உங்க விஷயத்துல எனக்குக் கெடச்சது எல்லாமே அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுதான்.

இத உறைக்குள்ள போட்டு ஒட்டுனா எந்த விலாசத்துக்கு அனுப்புறது? அதனாலதான் பத்திரிகைக்கே அனுப்பிடலாம்னு எழுதறேன். படிக்கிறவங்க படிக்கட்டும். "கோஷாவுல, தெரைக்குப் பின்னால இருக்கற பொம்பள புருஷனப் பத்தி இப்படியா ஊரறிய எழுதுவா"ன்னு கேக்கறவங்க கேக்கட்டும். அவுங்களுக்கெல்லாம் பயந்து பயந்து இருந்ததுல எனக்கு என்ன கெடச்சுது?

வீட்டு சேதி சொல்லிடறேன். மாமாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. மரவாடிய உங்க தம்பிதான் பாத்துக்கறாரு. மாமி தஸ்பீஹ் மணியும் கையுமா இருக்காங்க. எங்கூட இப்பல்லாம் சண்ட போடறதில்ல, அதுவே எனக்குக் கஷ்டமா இருக்கு. நம்ம மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேரு வச்சிட்டாங்க. நம்ம கடலூர் ஓ.டி. துறைமுகத்துல விசைப்படகு ஜாஸ்தியாயிடுச்சு, விடியறதுக்கு முந்தியே தடதடன்னு சத்தம். உங்க மவ ஹலீமா இஸ்கூலுக்குப் போறா. நீங்க மூஞ்சியப் பாக்காத புள்ள. பிடிவாதம் மட்டும் அச்சு அசல் நீங்கதான், யாருகிட்ட கத்துக்கிட்டாளோ தெரியல.

இனிமே நம்ம பலகைக் கத. படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாதே, அவுங்களுக்காகக் கொஞ்சம் ஆரம்பத்துலருந்து சொல்றேன். நீங்க பொறுத்துக்குங்க.

நீங்க கப்பல்ல பண்டாரியா இருந்தீங்க, சமையல் வேலை. கப்பல் ரிப்பேராகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுகத்துல நின்னப்ப, அங்க வெள்ளக்காரப் பசங்க ஒரு நீளமான பலகை மேல நின்னுக்கிட்டு அலையோடயே கரைக்கு வர்றதப் பாத்தீங்க. கிட்டப் போயி பாக்க முடியல. அந்தக் கடற்கரைல வெள்ளக்காரங்க மட்டும்தான் கால் வைக்கலாமாம். தூரத்துல ஒரு சுவத்து மேல ஒக்காந்து, பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு வந்தீங்க. கப்பல் வேலைய விட்டுட்டு வீட்டோட வந்தப்புறம் உங்களுக்கு வேற பேச்சே இல்ல.

"நம்ம கட்டுமரக்காரங்க தெனமும் அலைய ஏறி எறங்கித்தானே வராங்க, இதுல என்னடா அதிசயம்?"னு மாமா கேட்டாங்க.

"அவுங்க பொழப்புக்கு வராங்க வாப்பா. நான் சொம்மா வரப் போறேன்."

"சொம்மா வர்றதுக்கு எதுக்குடா பலகை? நடந்தே வா."

நான் கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்ச சிரிப்புல மாமி என்னத் திரும்பிப் பாத்தாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அப்புறம் மரவாடில இருந்து ஒரு இலவம் பலகைய, உங்க ஒசரத்துக்கும் ஒரு முழம் ஜாஸ்தியா, செதுக்கி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தீங்க. மாமி அத ஒரு பார்வ பாத்துட்டு, "பொணத்தக் குளிப்பாட்டற மய்யித்துப் பலகையாட்டம் இருக்கு. வீட்டுக்குள்ள கொண்டு வராத யூசுப்"னாங்க. நீங்க கேட்டீங்களா? கெணத்தடி முத்தத்துலயே போட்டீங்க.

செதுக்குறது உங்க வேலை, இழைக்கறது என் வேலைன்னு ஆயிடுச்சு. "உன் கை பொறுமையான கை"ன்னு ஐஸ் வச்சு உப்புத்தாளக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. வீட்டு வேலை முடிஞ்சு, சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முந்தி கெடைக்கற நேரத்துல நான் அந்தப் பலகையோட அடிப்பக்கத்தத் தேய்ப்பேன். மேல்பக்கம் கால் வைக்கற எடம்தானே, அது எப்படி இருந்தா என்ன, கடல் தொடறது அடிப்பக்கத்ததான்னு நீங்க சொன்னீங்க. அந்த ஒரு பேச்சுல எனக்கு இந்த வேலை பிடிச்சுப் போச்சு.

ஆனா கடல் எப்படித் தொடும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஓ.டி.ல வாக்கப்பட்டு வந்து, கடல் சத்தத்துலயே தூங்கி எழுந்திரிச்சாலும், கடற்கரைல நின்னது கெடையாது. நம்ம தெருவுல எந்தப் பொம்பளையும் நின்னது கெடையாது. அதனால நான் ஒரு வேல பண்ணுனேன். பலகையக் கவுத்துப் போட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யற கெண்டில தண்ணி எடுத்து, தலைப்பக்கத்துலருந்து மெல்ல ஊத்துவேன். தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு குந்தி ஒக்காந்து பாப்பேன். நான் பாத்த கடல் அதுதான்.

மொதல்ல செஞ்ச பலகை அடி தட்டையா இருந்துச்சு. அதுல தண்ணி எங்க வேணா ஓடுச்சு, ஒரு சமயம் இந்தாண்ட, ஒரு சமயம் அந்தாண்ட. நீங்களும் கடல்ல இருந்து வந்து அதத்தான் சொன்னீங்க. சின்ன அலையே சட்டுனு தூக்கிக்குது, வேகமாவும் போவுது, ஆனா திருப்பணும்னு சாஞ்சா பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போயிடுது. "எண்ணெத் தாம்பாளத்துல நிக்கற மாதிரி இருக்கு மைமூன்"னீங்க. வால் பக்கம் அடில மீன் துடுப்பாட்டம் ஒரு கட்டயத் தச்சீங்க, கொஞ்சம் அடங்குச்சு. முழுசா அடங்கல.

ரெண்டாவது பலகைக்கு அடிவயித்த உருட்டிச் செதுக்குனீங்க. அதுக்கு நான் தொப்பப் பலகைன்னு பேரு வச்சேன். கெண்டித் தண்ணி நடு மேட்டுல பிரிஞ்சு, ரெண்டு பக்கமும் சமமா, ஓரத்த ஒட்டிக்கிட்டே வழிஞ்சுது. கடல்ல அது வேகம் கம்மின்னீங்க, தண்ணியத் தள்ளிக்கிட்டுத்தான் போவுமாம். ஆனா சாய்ச்சா சாயும், நிமித்துனா நிமிரும். காத்து அடிச்சு அலை முன்னப் பின்ன குதிக்கறப்பகூட அது பாட்டுக்கு மெத்துன்னு போவும். "நல்ல குணமான பலகை, ஆனா சுறுசுறுப்பு பத்தாது"ன்னு, என்னமோ பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி சொன்னீங்க.

மூணாவது பலகைய நீங்களும் செய்யல, நானும் செய்யல. என் கோஷாதான் செஞ்சுது. அன்னிக்கு அடி தட்டையா இழைச்ச புதுப் பலகைய நான் கழுவி, முத்தத்துல கவுத்துப் போட்டிருந்தேன். "ரெண்டு பக்கமும் சமமாக் காயணும், உச்சி வேளைல பொரட்டிப் போடு"ன்னு சொல்லிட்டு நீங்க கெளம்பிப் போனீங்க. போன கொஞ்ச நேரத்துல திட்டக்குடிலருந்து மரம் பாக்க ஆளுங்க வந்துட்டாங்க. மாமா அவுங்கள முத்தத்தப் பாத்த மாதிரி கூடத்துல ஒக்கார வச்சாங்க. பேச்சுன்னா பேச்சு, சாப்பாடு முடிஞ்சும் பேச்சு. அன்னிய ஆம்பளைங்க இருக்கறப்ப நான் எப்படி முத்தத்துல கால் வைக்கறது? உள் அறைல ஒக்காந்து, பலகை வெயில்ல வேகறத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். மேல்பக்கம் ஈரத் தரைல, அடிப்பக்கம் சுட்டெரிக்கற வெயில்ல. அவுங்க எழுந்து போறப்ப அடிப்பக்கம் சுருங்கி, தலையிலருந்து வால் வரைக்கும் உள்ள குழிஞ்சு போச்சு. உள்ளங்கையக் கொஞ்சமாக் குவிச்சா எவ்வளவு குழி விழும், அவ்வளவுதான். ஆனா பலகை போச்சுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நீங்க வந்து பாத்தீங்க. திட்டல. குழியில கைய வச்சுத் தடவுனீங்க. "கெண்டிய எடு"ன்னீங்க. ஊத்துனேன். தண்ணி இந்தாண்ட அந்தாண்ட போவாம நடுவுலயே திரண்டு, நேரா வாலுக்கு ஓடி, அங்கருந்து எகிறி விழுந்துச்சு. நீங்க என் மூஞ்சியப் பாத்த பார்வ இன்னும் எனக்குள்ள இருக்கு மச்சான். "மைமூன், இது பறக்கும் புள்ள"ன்னீங்க.

பறந்துச்சுன்னுதான் சொன்னீங்க. தெனமும் ஈரத் தலையோட வந்து, "இன்னிக்கு எப்படிப் போச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பீங்க. உழுந்தேன்னு ஒரு நாள் சொன்னதில்ல. உண்மைய நான் அஞ்சலைகிட்டத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தேவனாம்பட்டினத்துலருந்து நம்ம தெருவுக்கு மீன் கொண்டு வருவாளே, அவதான். நீங்க அலை ஏறுனதும் அவ ஊர்க் கரைலதானே. ஒரு நாள் கூடைய எறக்கி வச்சதும் ஆரம்பிச்சா.

"இன்னா பாயம்மா, உங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு கடலம்மாவுக்கு நல்லாக் கும்புடு போட்டாரு. உழுந்து உழுந்து."

"ஏய், கிண்டல் பண்ணாத. எந்தப் பலகைல?"

"குழிஞ்சது ஒண்ணு கீதே, அதுல. விடியக்காலைல காத்து இல்லாம தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும் பாரு, அப்ப ஏறுனாருன்னா அம்பாட்டம் போறாரு. எங்க ஆளுங்களே வலய போட்டுட்டு வாயப் பொளந்துக்கினு நிக்கறாங்க. வெயிலு ஏறி காத்து கெளம்பிச்சின்னா அவ்ளோதான். தட்டுத் தட்டுன்னு அடிச்சு ஆளத் தூக்கிப் போடுது. தொப்பையா ஒண்ணு கீதே, அதுலன்னா எந்நேரமும் நிக்கறாரு."

கீழ விழுந்தும் மீசைல மண்ணு ஒட்டலன்னு சொல்ற ஆளு நீங்க. சொல்லிட்டுப் போங்கன்னு நானும் விட்டுட்டேன். நான் தேய்ச்ச பலகைங்கறதால நீங்க அந்தக் குழிப் பலகையவே எடுத்துக்கிட்டுப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு மனசுக்குள்ள பூரிச்சுப் போயி இருந்தேன். ஆனா ஒரு ஏக்கம் வந்து ஒட்டிக்கிச்சு. மீன்காரங்க பாக்கறாங்க, வலைக்காரங்க பாக்கறாங்க, புது டவுன் என்.டி.லருந்து காத்து வாங்க வர்றவங்கல்லாம் பாக்கறாங்க. மூணு பலகையோட அடிவயித்தையும் கண்ண மூடிக்கிட்டுத் தடவி எது எதுன்னு சொல்லிடுவேன் நான், எனக்கு மட்டும் அது அலைல போறதப் பாக்கக் குடுத்து வைக்கல.

"எனக்கு ஒரே ஒரு தடவ காட்டுவீங்களா?"ன்னு கேட்டேன். நீங்க சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே இருந்தீங்க. டர்பன்ல அந்தச் சுவத்து மேல ஒக்காந்திருந்தது நெனப்புக்கு வந்துடுச்சு போல. "காட்டறேன்"னீங்க.

தேவனாம்பட்டினத்துல முடியாது, ஆளுங்க ஜாஸ்தி. சிதம்பரத்துல இருக்கற லேடி டாக்டர்கிட்ட என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மாமி ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, கொழந்த இல்லன்னு. அதையே சாக்கா வச்சு நீங்க திட்டம் போட்டீங்க. சிதம்பரத்துல என் தங்கச்சி வீட்டுல தங்கறது, மறுநாள் மொத வண்டில திரும்பறப்ப பரங்கிப்பேட்டைல எறங்கறது, ஜட்கா புடிச்சு ஊரத் தாண்டி சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட போறது. அங்க காலங்காத்தால ஈ காக்கா இருக்காது.

எல்லாம் சரி. எந்தப் பலகைய எடுத்துட்டுப் போறதுங்கறதுலதான் சண்ட. ரயில்ல ஒண்ணுதான் ஏத்த முடியும். நான் தொப்பப் பலகைன்னேன். நீங்க குழிப் பலகைன்னீங்க.

"காத்து எப்படி இருக்கும்னு தெரியாத எடம் மச்சான். எந்தக் காத்துலயும் நிக்கறதத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"அது தண்ணியத் தள்ளிக்கிட்டு ஆடி அசஞ்சு வரும். அதப் பாத்துட்டு இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு கேப்ப. உன் பலகைலதான் உனக்குக் காட்டுவேன்."

"நின்னாப் போதும் எனக்கு. பறக்க வேணாம்."

"நீ கெண்டித் தண்ணியப் பாத்தவ. நான் கடலப் பாத்தவன்"னீங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அஞ்சலை சொன்னத அப்பவே போட்டு ஒடச்சிருக்கலாம். நீங்க கீழ விழறது எனக்குத் தெரியும்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படி ஆயிடும்னு நெனச்சேன், வாய மூடிக்கிட்டேன். உங்களுக்கு ஒரு மூஞ்சி வாட்டம் வந்திருந்தா வந்துட்டுப் போயிருக்கட்டும்னு இப்ப தோணுது. வந்த வாட்டம் ரெண்டு நாள்ல போயிருக்கும்.

சாக்குல சுத்தி, கயிறு கட்டி, ரயில் கார்டு இது என்னன்னு கேட்டப்ப, "கதவுங்க, தங்கச்சி வீட்டுக்கு"ன்னு வாய் கூசாமச் சொன்னீங்க. டாக்டரம்மா என்னப் பாத்து மாத்திர எழுதிக் குடுத்தாங்க. தங்கச்சி வீட்டுல அந்தக் 'கதவ' வாசல்ல சாத்தி வச்சோம். அவ புருஷன் அது எந்த வாசலுக்குப் பொருந்தும்னு ராத்திரி சாப்பாடு வரைக்கும் அளந்துக்கிட்டே இருந்தாரு. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சீங்க.

அந்தக் கடலப் பத்தி நான் என்ன சொல்ல? சவுக்கு மரத்தடில என்ன ஒக்கார வச்சுட்டு நீங்க எறங்குனீங்க. நான் துப்பட்டிய மூஞ்சில இருந்து வெலக்கி வச்சிருந்தேன். மொத தடவையா வெட்டவெளில, காத்து நேரா என் கன்னத்துல பட்டுச்சு. தண்ணி கண்ணாடிதான். அஞ்சலை சொன்ன மாதிரியே. அலை ஒவ்வொண்ணா, அவசரமே இல்லாம வந்துச்சு. நீங்க பலகை மேல குப்புறப் படுத்துக் கையால தண்ணியத் தள்ளிக்கிட்டு உள்ள போனீங்க. தலை மட்டும் கறுப்பாத் தெரிஞ்சுது. ரெண்டு மூணு அலைய விட்டுட்டு நல்லதா ஒண்ணுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க. நான் யா அல்லாஹ் யா அல்லாஹ்னு முணுமுணுத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.

அப்ப ஆம்பளைங்க பேச்சு சத்தம் கேட்டுச்சு. வலயத் தோள்ல போட்டுக்கிட்டு நாலஞ்சு பேரு கரையோரமா வந்துக்கிட்டு இருந்தாங்க. நான் யோசிக்கல மச்சான். யோசிச்சிருந்தா செஞ்சிருப்பேனா? பத்து வயசுலருந்து பழகுன ஒடம்பு. துப்பட்டிய இழுத்து மூஞ்சிய மூடி, கடலுக்கு முதுகக் காட்டி, சவுக்கு மரத்தப் பாத்து ஒக்காந்துட்டேன். அவுங்க கடந்து போற வரைக்கும்தானேன்னு.

"டேய், டேய், அங்க பார்ரா! நின்னுக்கினு வரான் பார்ரா!"ன்னு ஒருத்தன் கத்துனான். ஒருத்தன் விசிலடிச்சான். அவுங்க கடந்து போவல. நின்னு பாத்தாங்க. நீங்க ரொம்ப தூரம் வந்தீங்க போல, அவுங்க சத்தம் நீண்டுக்கிட்டே போச்சு. நான் மரப்பட்டையப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல எறும்பு ஏறிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிடு திரும்பிடுன்னு மனசு அடிச்சுக்குது, கழுத்து திரும்பல. அவுங்க சிரிச்சுப் பேசிக்கிட்டே போனப்புறம் திரும்புனேன். நீங்க முட்டித் தண்ணில பலகையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. வாயெல்லாம் பல்லு.

"பாத்தியா மைமூன்? பாத்தியா?"

தலைய ஆட்டுனேன், இல்லன்னு. உங்களுக்குப் புரியல. அப்புறம் போறவங்களப் பாத்தீங்க, என் துப்பட்டியப் பாத்தீங்க, புரிஞ்சுது. கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். "அட, அதனாலென்ன, இன்னும் ஒண்ணு வருவேன்"னு சொல்லிட்டுத் திரும்ப உள்ள போனீங்க. பாவி, திட்டியிருக்கக் கூடாதா என்ன?

வெயில் ஏறிடுச்சு. காத்து கெளம்பிடுச்சு. கண்ணாடி ஒடஞ்சு, கடல் பூரா கொதிக்கற ஒலை மாதிரி ஆயிடுச்சு. கெண்டித் தண்ணி அந்தக் குழியில எப்படித் திரண்டு ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும். தண்ணி சீரா வந்தாத்தான் அது ஓடும், கண்டபடி வந்து மோதுனா குழியே பலகையத் தட்டி விட்டுடும்னு அங்க ஒக்காந்து பாக்கறப்பதான் எனக்கு வெளங்குச்சு. எழுந்து நின்னீங்க, உழுந்தீங்க. மறுபடி எழுந்தீங்க, முழுசா நிமிர்றதுக்குள்ள தூக்கிப் போட்டுச்சு. இந்தத் தடவ நான் கண்ணே கொட்டல, பாத்துக்கிட்டே இருந்தேன், எல்லாம் விழறதுதான். முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம் வந்தப்ப எழுந்து ஓடி வந்து, "போதும், வாங்க"ன்னு கத்துனேன். தொப்பப் பலகை மட்டும் இருந்திருந்தா அந்தக் காத்துலயும் ஆடி அசஞ்சாவது என்கிட்ட வந்து சேந்திருப்பீங்க. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல.

"அடுத்த மாசம் அதையே எடுத்துட்டு வரலாம். நீ சொன்னதுதான் சரி"ன்னீங்க. நீங்க ஒத்துக்கிட்டது அந்த ஒரு தடவதான். எனக்கு அதுல சந்தோஷமே வரல.

ஆனா நான் இந்தக் கடுதாசிய எழுதறது அதுக்காகக் கூட இல்ல. ரயில்ல வர்றப்ப, ஆலப்பாக்கம் கிட்ட, நீங்க மெதுவா ஆரம்பிச்சீங்க. "சொல்லவா? எப்படி வந்துச்சு தெரியுமா? மொதல்ல வால் தூக்குச்சு..." நான் ஆத்தாமைல ஒடச்சுப் பேசிட்டேன். "எனக்குக் கத வேணாம். கத கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. கண்ணால பாக்கணும்"னேன். நீங்க சரின்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் அந்த அலையப் பத்தி நீங்களும் பேசல, நானும் கேக்கல. அடுத்த மாசம் இருக்கேன்னு இருந்துட்டோம்.

அடுத்த மாசம் உங்க கண்ணு மஞ்சளாயிடுச்சு. கீழாநெல்லி குடுத்தோம், ஓதிப் பாத்தோம், அப்புறம் ஆஸ்பத்திரி. வயித்துல கரு தங்கியிருக்குன்னு உங்க காதுல சொன்னப்ப என் கையப் புடிச்சீங்க, அந்தச் சந்தோஷமாவது நமக்குக் கெடச்சுது. அப்பவாவது கேட்டிருக்கலாம், வால் தூக்குச்சே, அப்புறம் என்ன ஆச்சுன்னு. கேட்டா கடசீன்னு ஆயிடுமோன்னு பயந்து கேக்கல. அந்த அலை பாதியிலயே நிக்குது மச்சான். நீங்க யாருக்காக அதுல ஏறுனீங்களோ அவளத் தவிர பாக்கி எல்லாருக்கும் அது தெரியும். அந்த வலைக்காரங்க யாரு, எந்தக் குப்பம்னு அஞ்சலைய விட்டு விசாரிச்சேன். யாருக்கு ஞாபகம் இருக்கும்? போற வழில பாத்த வேடிக்கதானே அவுங்களுக்கு.

தட்டப் பலகை தண்ணித் தொட்டிக்கு மூடியாயிடுச்சு. குழிப் பலகை நடுவுல பொளந்துக்கிச்சு. மாமி அத அடுப்புல வைக்கக் கூடாதுன்னு சொல்லி, அவுங்க கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்காங்க. தொப்பப் பலகையத்தான் ஹலீமா புடிச்சுக்கிட்டா. "வாப்பா பலகைல என்னக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே அழிச்சாட்டியம். போன மாசம் மாமிகிட்ட கேட்டேன். "வயசுக்கு வர்ற வரைக்கும் போவட்டும். நீயும் போ"ன்னாங்க. நீயும் போன்னு அவுங்க வாயால வந்துச்சு.

அஞ்சலை ஊர்க் கரைக்கே போனோம். அவ இடுப்புத் தண்ணில நின்னு பலகையப் புடிச்சுக்கிட்டா. ஹலீமா அது மேல குப்புறப் படுத்துக்கிட்டா. அவ கனத்துக்கு அந்தத் தொப்பதான் சரி, தட்டைன்னா தூக்கி வீசியிருக்கும். காத்து நல்லாவே அடிச்சுது. நான் ஈர மணல்ல, தண்ணி கால்ல படற எடத்துல நின்னேன். அலை வந்துச்சு, அஞ்சலை கைய விட்டா. அதே நேரத்துல எனக்குப் பின்னால ஆம்பளைங்க குரல். நாலு பேரு, ஒரு கட்டுமரத் துண்டத் தூக்கிக்கிட்டு.

கழுத்து தானாத் திரும்பிடுச்சு மச்சான். நான் திருப்பல. கை தானா துப்பட்டிய இழுத்துச்சு. மணலப் பாத்துக்கிட்டு நிக்கறேன். "ஏய், பொட்டப் புள்ள பார்ரா!"ன்னு அவுங்க சிரிக்கறது கேக்குது. அடி பாதகத்தி, மறுபடியுமான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. அவுங்க இருக்கறப்பவே, பாத்துக்கிட்டு நிக்கறப்பவே, திரும்புனேன். துப்பட்டி நழுவிக் கழுத்துல விழுந்துச்சு, விழட்டும்னு விட்டேன். உங்க மவ நுரை மேல முட்டி போட்டு நிமிந்துட்டா. பலகை ஆடி அசஞ்சு, மெத்துன்னு, நேரா என் கால்கிட்ட வந்து மணல்ல ஒரசி நின்னுச்சு.

"எப்படி வந்தேன் உம்மா?"

"நல்லா வந்தம்மா. ஆனா பாதிதான் பாத்தேன்."

"எந்தப் பாதி?"

"கடசிப் பாதி."

"மொதப் பாதிதான் உம்மா நல்லா இருந்துச்சு!"ன்னு மணல்ல ஒக்காந்து ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அஞ்சலை என்னப் பாத்தா, நான் அஞ்சலையப் பாத்தேன். நானும் அவ பக்கத்துல ஈர மணல்ல ஒக்காந்து, "சொல்லும்மா, மொதப் பாதி எப்படி இருந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு"ன்னேன். கத வேணாம்னு சொல்லல. விக்கிக்கிட்டே சொன்னா, முழுசாக் கேட்டேன்.

வர்ற வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சதும் மறுபடி போறோம். ஊரே தெரண்டு வந்து கரைல நிக்கட்டும், நான் அவள ஆரம்பத்துலருந்து பாப்பேன். கழுத்து திரும்புனா என் ரெண்டு கையாலயும் புடிச்சு நிறுத்திக்கறேன். இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு. நீங்க வந்ததப் பாக்காதவ, அவ வர்றத முழுசாப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வருவேன்.

உங்க மாமா மவ, உங்க பொஞ்சாதி, ஹலீமாவோட உம்மா
மைமூன்
கடலூர் ஓ.டி.